துண்டுக்குள் ஏழு பேர்

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பத்து நாளும் காலை ஏழு மணிக்குச் சங்குமேட்டிலிருந்து ஒரு சீட்டு தவறாமல் வந்தது. "நேற்று வாந்தி பேதி கண்டவர்கள்: இல்லை." கீழே ஊர்த் தலைவரான நாட்டார் அரசப்பனின் கையெழுத்து. வடக்கே ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குப்பத்தில் நான்கு பேர் படுத்துவிட்டார்கள். தெற்கே கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் இரண்டு பேர். நடுவில் இருந்த சங்குமேடு மட்டும் டானிக் பாட்டிலில் ஒட்டிய படம் மாதிரி தெம்பாக இருந்தது. நான் துணிக்கடை வீட்டுப் பிள்ளை. பத்து நாள் ஒரே விலை சொல்கிறவனை என் வாப்பா கடைப்படி ஏற விட்டதில்லை.

எழுபத்தேழாம் வருஷத்துப் புயல் போன பிறகு, எங்கள் கொம்யூனுக்கு, அதாவது ஊராட்சி வட்டத்துக்கு, ஒரு அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. டாக்டர் சாரதாம்பாளும் சானிட்டரி இன்ஸ்பெக்டராகிய நானும் உட்கார்ந்து எழுதினோம். நாற்பத்திரண்டு பக்கம். புதுச்சேரியில் பாராட்டினார்கள், அதாவது படிக்கவில்லை. ஆனால் குறை சொல்ல முடியாது. காரியம் வந்தபோது, எழுதியபடியே எல்லாம் நடந்தது. சங்குமேட்டுப் புயல் காப்பு மண்டபத்தில் படுத்தபடியே பேதி போக நடுவில் ஓட்டை போட்ட பன்னிரண்டு கட்டில் வந்து இறங்கியது. நூற்றிருபது சலைன் பாட்டில் வந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டை வந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் வந்தது. கம்பவுண்டர் தியாகராசன் மூன்றாம் நம்பர் கட்டிலில் தினமும் மத்தியானம் தூங்கினார். நோயாளிதான் வரவில்லை.

பதினெட்டாம் பக்கத்தில் நான் இரண்டு விதி எழுதியிருந்தேன். ஒன்று: நோய் கண்டவர் எண்ணிக்கையை ஊர் நாட்டார் தினமும் தெரிவிக்க வேண்டும். இரண்டு: ஐந்து பேருக்கு மேல் போனால் அந்த ஊரில் பத்து நாள் கடல் தொழிலும் மீன் விற்பனையும் நிறுத்தப்படும். இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன். சரக்கைக் காட்டினால் வரி என்று தெரிந்தவன் சரக்கைக் காட்டுவானா? கடையில் பிறந்தவனுக்கு இது ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபோது மறந்துவிட்டது.

பத்தாம் நாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். என் மனைவி மெஹர் பானு மீனைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னைக்குக் கனகம் பேரமே பேசலங்க."

கனகம் சங்குமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வருகிறவள். அவளும் என் மனைவியும் ஒரு சங்கரா மீனுக்கு முக்கால் மணி நேரம் பேசுவார்கள். இடையில் மூன்று தடவை கூடை தலைக்கு ஏறி இறங்கும்.

"நான் வாய்க்கு வந்தபடி பாதி வெல கேட்டேன். சரின்னு கொட்டிட்டுப் போயிட்டா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பின்னாடியே போயி இன்னும் கொஞ்சம் குடுக்கலாமான்னு பாத்தேன், அதுக்குள்ள தெருமுனையில இல்ல."

"நல்லா கொதிக்க வை," என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் சைக்கிளை எடுத்தேன்.

வெறும் கூடையோடு அவள் போன வேகத்துக்கு, கடற்கரை ரோடு திரும்பும் இடத்தில்தான் பிடிக்க முடிந்தது. நான் இறங்கினேன். அவள் நிற்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் ஓடினேன்.

"வீட்ல யாருக்கு கனகம்?"

"என்ன யாருக்கு பாய்?"

"பாதி வெலைக்கு மீன் குடுத்தியே, அவங்களுக்கு."

"மீனு நேத்து மீனு. அதான்."

"நேத்து மீன முழு வெலைக்கு விக்கிறவதானே நீ."

அவள் சிரிக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பாள். முந்தானை நுனி ஈரமாக இருந்தது. திரும்பத் திரும்ப அதையே பிழிந்துகொண்டு நடந்தாள்.

"அவரு நல்லாத்தான் இருக்காரு. அமாவாசைக்கு நாலு நாளு இருக்கு. நாலு நாளு போகட்டும் பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் புருஷன் செல்லையனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அமாவாசையைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்காததற்கு ஒருவர் பதில் சொன்னால் அங்கேதான் சரக்கு இருக்கிறது. ஆனால் அமாவாசை என்ன சரக்கு என்று எனக்கு விளங்கவில்லை. மணலுக்குள் இறங்கிப் போய்விட்டாள். சைக்கிள் மணலில் போகாது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். போலீஸை வைத்து வீடு வீடாகத் தேடலாம் என்றார். தேடலாம்தான். ஆனால் சங்குமேட்டிலிருந்து வடக்கே ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. லாரிச் சத்தம் கேட்டதும் கட்டுமரத்தில் நோயாளியை ஏற்றி அக்கரை உறவுக்காரர் வீட்டில் இறக்கிவிடுவார்கள். எங்கள் திட்டத்துக்கு அந்தக் கரையில் விசா கிடையாது. நோய்க்கு உண்டு.

"காலரா வந்தவன் உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியுமா இப்ராஹிம்?" என்றார். "காலையில சிரிச்சுக்கிட்டு இருந்தவன் சாயங்காலம் இருக்க மாட்டான். தண்ணிய உள்ள ஏத்தினா எழுந்து உக்காந்துருவான். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தம்மா புருஷன எப்படியாச்சும் எனக்குக் கொண்டாங்க."

மறுநாள் விடியும்போது சங்குமேட்டுக் கரையில் நின்றேன். கடல் தட்டுப்போல் கிடந்தது. புயல் காலம் முடிந்து இறால் கரையை ஒட்டி வரும் நாட்கள். இந்த நாட்களில் கிடைப்பதை வைத்துத்தான் கோடையைத் தள்ளுவார்கள். மற்ற ஊர்க் கட்டுமரங்களெல்லாம் தூரத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. சங்குமேட்டு மரம் ஒன்றுகூட இறங்கவில்லை. முப்பத்தெட்டு கட்டுமரமும் மணலில் வரிசையாகக் கிடந்தன.

ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எந்த மரமும் கடலில் இறங்காது. அது அவர்கள் ஊர்க்கட்டுப்பாடு. சீட்டில் பொய் எழுதலாம், கரையில் எழுத முடியாது.

அரசப்பன் ஏலக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"வாங்க பாய். சீட்டு அனுப்பிட்டனே."

"பாத்தேன். யாரு நாட்டாரே போனது?"

மரங்களைப் பார்த்தார். "காசியம்மா. வயசாளி. எழுவது தாண்டிடுச்சு."

"என்ன சீக்கு?"

"வயசு."

"இன்னும் எத்தன பேருக்கு வயசாயிருக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "பாய், நீங்க நல்லவரு. ஒளிக்காம சொல்றேன். சொல்ல முடியாது. கோயில்ல கூடி, எந்த ஆபீசருகிட்டயும் வாயத் தொறந்து சொல்றதில்லன்னு சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணிட்டோம். மொத ஆளா அணச்சது நான். பத்து நாளு கடல மூடிட்டீங்கன்னா இந்த இறாலு உங்க ஆபீசுக்கு வந்து கையெழுத்து போட்டுட்டா காத்திருக்கும்?"

கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றேன். வெளியூர்க் கருவாட்டு வியாபாரிகள் வந்து மொத்த விலை பேசுவது அந்தத் தூண் பக்கத்தில்தான். விலை நாலு பேர் காதில் விழக் கூடாது என்பதால் துண்டைக் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எங்கள் கடையிலும் வாப்பா மொத்த வியாபாரிகளோடு அப்படித்தான் பேசுவார். ஏழு வயதில் எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்ததே துண்டுக்குள்தான்.

தோள் துண்டை எடுத்தேன். அவர் கைமேல் போட்டேன். உள்ளே கையை நுழைத்தேன்.

"இந்த வருஷம் இறாலு எப்படி நாட்டாரே?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பருவெட்டா, பெருசு பெருசா இருக்கு," என்றார் மெதுவாக. துண்டுக்குள் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்டார். இரண்டு விரலைப் பிடித்தார்.

ஏழு.

வாய் இறாலைப் பேசியது, கை ஆளைப் பேசியது. அதற்கப்புறம் கடலை மூடும் நாள் கணக்கு வந்தது. நான் ஐந்து விரலையும் இரண்டு தடவை பிடித்தேன்: பத்து நாள். அவர் என் இரண்டு விரலைப் பிடித்தார்.

"ரெண்டுக்கு இறாலு தோலுகூட வராது," என்றேன்.

"காத்து மாறிட்டா அதுவும் வராது பாய்."

எட்டு என்றேன். மூன்று என்றார். நான் துண்டை உருவிக்கொண்டு கிளம்புவது போல் திரும்பினேன். அவர் விரலை விடவில்லை. ஏழு, நாலு, ஆறு. கடைசியில் ஐந்தில் வந்து நின்றது. பத்தை ஐந்தாக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. எதிராளியும் அதைக் கேட்கவில்லை.

"போலீசு லாரி வரக் கூடாது," என்றார், இப்போது வாயால். "எங்க ஆளுங்களே தூக்கியாருவாங்க. ரேடியோவுல ஊரு பேரு சொல்லக் கூடாது."

"சரி."

ஒரு மணி நேரத்துக்குள் ஏழு கட்டில் மணல்வழியே மண்டபத்துக்கு வந்தது. தியாகராசன் தூக்கம் கலைந்தவர் போல ஓடிஓடிப் பாட்டில் மாட்டினார். டாக்டரம்மா ஒவ்வொருவர் கையிலும் நரம்பைத் தேடிக்கொண்டே போனார். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். நான்கு பெண்கள், மூன்று ஆண்கள். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். செல்லையன் இல்லை.

வாசலில் நின்ற அரசப்பனிடம் போனேன். "கனகம் புருஷன் எங்க?"

"யாரு, செல்லையனா?" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "அவன் ஊருக் கணக்குலயே இல்லயே பாய்."

பிறகுதான் தெரிந்தது. போன வருஷம் செல்லையன் கொட்டகை ஏலத்துக்கு வராமல் இறாலை நேராக வெளி ஏஜெண்டுக்குப் போட்டான். ஊர் அவனை விலக்கி வைத்தது. யாரும் பேசக் கூடாது, நெருப்பு, தண்ணீர் கிடையாது, வரிப் பட்டியலில் தலைக்கட்டு, அதாவது குடும்பக் கணக்கு, கிடையாது. தை அமாவாசைக் கூட்டத்தில்தான் அவனுடைய மன்னிப்பு மனுவை எடுப்பதாக இருந்தார்கள். நாட்டார் என்னை ஏமாற்றாமல்தான் சொன்னார். ஊரில் ஏழு பேர். எட்டாவது ஆள் ஊரில் இல்லை, ஊருக்கு வடக்குக் கடைசியில் இருந்தான்.

ஓடினேன். எனக்கு அப்போதே தொப்பை.

கனகம் வாசலை மறித்து நின்றாள். ஊரோடு சேராதவர்களுக்கு ஊர்ச் சத்தியம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"அதனாலதான் பாய்," என்றாள். "உள்ள இருக்கறவங்க மீறினா அவராதம் கட்டுவாங்க. நாங்க மீறினா அவ்வளவுதான். இன்னும் மூணு நாளு. அவருதான் சொன்னாரு, யாரையும் கூப்புடாதன்னு. நல்லா தண்ணி குடிச்சாரு."

"குடிச்சது நிக்குதா?"

அவளைத் தாண்டி உள்ளே போனேன். கயிற்றுக் கட்டிலில் செல்லையன் கிடந்தான். கரைவலையை ஒற்றை ஆளாக இழுப்பவன் என்று பெயர் வாங்கியவன், கண் இரண்டும் குழிக்குள் போய், விரல் நுனியெல்லாம் ஊறவைத்தது போலச் சுருங்கிக் கிடந்தான். வயிற்றுத் தோலைக் கிள்ளினேன். கிள்ளியது அப்படியே நின்றது. ஏதோ சொன்னான், குரல் வரவில்லை.

மண்டபம் அரை மைல். "நானும் கம்பவுண்டரும் தூக்கிட்டுப் போறோம்," என்றேன்.

கனகம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஊரு ஆளு தொடாம இது வெளிய போகக் கூடாது. சர்க்காரு ஆளு வந்து தூக்கினா, நாங்கதான் காட்டிக் குடுத்தோம்னு ஆயிடும். பொழச்சு வந்து எந்த ஊருல இருப்போம்?"

"பொழைக்கணுமே முதல்ல."

"எனக்குத் தெரியும் பாய். நேத்துலேருந்து நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பையிலிருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து, கரண்டி கரண்டியாக விடச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். வழியில் கணக்குப் போட்டேன். மிரட்டலாம், மிரட்டினால் மீதி ஏழு பேரையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கெஞ்சலாம், கெஞ்சினால் கூட்டம் போட்டு முடிவு சொல்கிறோம் என்பார்கள், அமாவாசைக்கு. என் கையில் இருந்தது ஐந்து நாள் மட்டும்.

அரசப்பன் கைமேல் துண்டைப் போட்டேன். இந்தத் தடவை இறாலைப் பற்றி எதுவும் பேசவில்லை. நாலு விரலைப் பிடித்தேன்: ஐந்தில் ஒரு நாள் குறைவு.

அவருக்கு உடனே புரிந்தது. "செல்லையனுக்கா?"

"ஆமா."

அவர் ஒரு நாளைச் சும்மா விட்டுக்கொடுத்துப் பெரிய மனிதராவார் என்று எதிர்பார்த்திருந்தால் நான் கடையில் வளர்ந்தவனே இல்லை. முப்பத்தெட்டு மரத்துக்கு ஒரு நாள் இறால். எடுத்துக்கொண்டார். என் விரல் நாலையும் இறுக்கிப் பிடித்து முடித்துவிட்டு, அம்பலவாணன், செல்லக்கண்ணு என்ற இரண்டு பஞ்சாயத்தாரைக் கூப்பிட்டார். விலக்கை எடுக்க மூன்று பேர் சேர்ந்து குற்றவாளியிடம் வெற்றிலை வாங்க வேண்டும்.

அம்பலவாணன் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சம்மணம் போட்டவர் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்.

"மொதல்ல அவராதம் கட்டட்டும். அப்புறம் வெத்தல வாங்கலாம். அதான மொற," என்றார்.

"அவன் பொழச்சா வாங்கிக்கலாம். செத்தான்னா யாருகிட்ட வாங்குவ?" என்றார் அரசப்பன்.

"வெலக்குல இருக்கையிலயே செத்தாலும்..."

"செத்தா அடக்கத்துக்கு யாரும் போக முடியாது. அவன் தங்கச்சிய ஒன் மவனுக்குத்தான குடுத்துருக்கு. அவள எப்படி நிறுத்துவ? கட்டிப் போடுவியா?"

அம்பலவாணன் சம்மணத்தைக் கலைத்தார். வெற்றிலை தேடினார்கள். வெற்றிலை இருந்தது, பாக்கு இல்லை. செல்லக்கண்ணு பாக்குக்கு வீட்டுக்குப் போனார். நடந்து போனார். சூரியன் ஏறிக்கொண்டே போயிற்று. நான் நின்ற இடத்தில் மணல் குழியாகிவிட்டது.

மூவரும் செல்லையன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வெற்றிலையைக் குற்றவாளி தன் கையால் நீட்ட வேண்டும். பெண் கையால் செல்லாது. கனகம் தட்டைப் பிடித்துக்கொண்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அரசப்பன் தானே உள்ளே போனார். வெற்றிலையைச் செல்லையன் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையில் தாங்கித் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கையின் குளிர்ச்சி அவருக்கு அதுவரை தெரியாது. வெற்றிலை நழுவிக் கீழே விழுந்தது. யாரும் குனியவில்லை.

"தூக்குங்கடா," என்றார்.

கட்டிலின் தலைப்பக்கம் ஒரு காலை அம்பலவாணனே பிடித்தார்.

கையில் நரம்பு கிடைக்கவில்லை. டாக்டரம்மா கணுக்காலில் கீறி நரம்பைத் தேடி எடுத்தார். முதல் பாட்டில் ஓடியது, சொட்டவில்லை, ஓடியது. இரண்டு. மூன்று. நான்காவதில் செல்லையன் கண்ணைத் திறந்து யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினான். கனகம் அப்போதுதான் சுவரோடு உட்கார்ந்தாள்.

"பேசறாரு," என்றேன்.

"பேசறது கணக்குல வராது," என்றார் டாக்டரம்மா. "சிறுநீர் போகணும். அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாது."

ஒரு மீனவன் சிறுநீருக்காக டாக்டர், கம்பவுண்டர், இன்ஸ்பெக்டர், ஊர் நாட்டார் எல்லோரும் மத்தியானம் முழுக்கக் காத்துக் கிடந்தோம். நான் வெளியே போவேன், உள்ளே வருவேன், பாட்டில்களை எண்ணுவேன், மறுபடி வெளியே போவேன். நடுவில் டாக்டரம்மா கேட்டார்.

"கடல் எத்தன நாள் மூடறாங்க?"

"நாலு."

"பத்து நாள்னு எழுதினது யாரு?"

"நான்தான். எழுதும்போது எதிர்ல யாரும் உக்காந்திருக்கல."

அவர் திட்டத்தின் பதினெட்டாம் பக்கத்தை எடுத்தார். பத்தை அடித்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். "இந்த நாலு நாள்ல ஒவ்வொரு கிணத்துக்கும் ரெண்டு வேளை மருந்து. ஒவ்வொரு வீட்டுப் பானைக்கும். நீங்களே போகணும், ஆள் அனுப்பக் கூடாது. அதுக்கப்புறம் இன்னொருத்தர் படுத்தா, அடிச்சது நான்னு நானே சொல்லிக்கிறேன்."

நாலு மணிக்குக் கனகம் வாசலுக்கு வந்தாள். எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, கம்பவுண்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். தியாகராசன் அதை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். அரசப்பன் எழுந்து வேட்டி மணலைத் தட்டிவிட்டுக் கரைப்பக்கம் போனார்.

டாக்டரம்மா பதிவேட்டைத் திறந்தார். "மத்த ஏழு பேரும் கோயில் கிணறு. உங்களுக்கு எங்கம்மா தண்ணி?"

"எங்கள எந்தக் கிணத்துலயும் விடல டாக்டரம்மா. வடக்கால ஓடைப் பக்கம் மணல்ல ஊத்துத் தோண்டி மொண்டுக்குவோம்."

அந்த ஊற்று என் கிணற்றுப் பட்டியலில் இல்லை. பட்டியலைக் கொடுத்தவர்கள் பஞ்சாயத்தார்.

"நீங்க மட்டுமா மொண்டுக்குவீங்க?" என்றேன்.

கனகம் வடக்கே பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மெல்லப் புரிந்தது. விலக்கில் இருப்பது ஒரு வீடு என்று யார் சொன்னது? காலையில் அவளை யாரும் தொடக் கூடாது. இப்போது அவள் ஊர்க்காரி. விலக்கில் இருப்பவர்களோடு அவள் பேசக் கூடாது, அவர்களைப் பற்றிப் பேசக் கூடாது. வெற்றிலை கீழே விழுந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை.

உள்ளே திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஒன்பதாவது பாட்டில் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"நான் வீட்டுக்குப் போயி ஒரு பாயெடுத்தாரேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

பிளீச்சிங் வாளியையும் பொட்டலங்களையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். தன் வீட்டுப் பக்கம் அவள் திரும்பவில்லை. ஓடையை ஒட்டி வடக்கே போனாள், திரும்பியே பார்க்காமல். ஒரு குடிசை முன்னால் நின்று, காலில் முள் குத்தியது போலக் குனிந்தாள். முள் இல்லை. உடனே நிமிர்ந்து நடந்தாள். அடுத்த குடிசை முன்னால் கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். துண்டுக்குள் விரல் பிடிப்பது போல, விலக்கு வீடுகளை எனக்குக் காட்டிக்கொண்டே போனாள். ஓடை வளைவில் மூன்றாவது குடிசை தனியாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றவள் குனியவுமில்லை, கொண்டையை அவிழ்க்கவுமில்லை. நான் வந்து சேரும்வரை அங்கேயே நின்றாள்.